ராகுகாலத்துக்கு முன் புறப்பட்ட பை

கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து கல்கிசைக்குப் போக யாரும் நாள் பார்ப்பதில்லை. ரயிலில் ஏறி உட்கார இடம் தேடுவதற்குள் தெஹிவளை வந்துவிடும். இடம் கிடைத்து உட்கார்ந்தால் கல்கிசை வந்துவிடும். அப்படிப்பட்ட பயணத்துக்கும் பஞ்சாங்கத்தைப் புரட்டிய ஒரே மனுசி கனகேஸ்வரியாகத்தான் இருப்பாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வீட்டில் கலியாணம். மகன் கார்த்திகனுக்கு இன்னும் இரண்டு கிழமையில் தாலி கட்டு. அந்த இரண்டு அறை ஃபிளாட்டுக்குள் ரொறன்ரோவிலிருந்து மகள் மிதுனா புருசன் பிள்ளைகளோடு வந்து இறங்கியிருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து புருசனின் தங்கை நாகேஸ்வரி, மகன்மார், மருமகள்மார், அவர்களின் குஞ்சுகுருமான்களோடு வந்து இறங்கியிருந்தாள். குளியலறை ஒன்றுதான். உள்ளே போன ஆள் சோப்புப் போடுவதற்குள் வெளியே கதவு தட்டுப்படும்.

மிதுனாவின் பிள்ளைகளுக்குக் கடலில் குளிக்க ஆசை. வெள்ளவத்தையிலும் கடல் இருக்கத்தான் இருக்கிறது. பல்கனியில் நின்று கழுத்தை வளைத்தால் இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு சாண் கடல் தெரியும். இறங்கிப் போனால் தண்டவாளம், அதற்கப்பால் கருங்கல். பார்க்கலாம், குளிக்க முடியாது. கலியாணச் செலவு கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில் ஹோட்டல் பற்றி நினைக்கவும் முடியாது. கார்த்திகன்தான் யாரையோ பிடித்து, கல்கிசையில் றெஜி என்பவருடைய பழைய வீட்டை இரண்டு இரவுக்குப் பேசி எடுத்தான். இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. பாயும் தலையணையும் போகிறவர்களே கொண்டு போக வேண்டும், சமையலும் அவர்களுடையது. பின்கதவைத் திறந்தால் மணல்.

இந்தப் பயணத்தில் கனகேஸ்வரிக்கு இருந்த ஆசை பிள்ளைகளின் ஆசையை விடப் பெரிது. கலியாணம் முடிந்ததும் மிதுனா ரொறன்ரோவுக்குப் பறந்துவிடுவாள். கார்த்திகன் பெண்சாதியோடு மெல்பேணுக்குப் போய்விடுவான். பெற்ற இரண்டும் ஒரு கூரைக்குக் கீழே, ஒரு சட்டிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, கலியாண வேலை ஒன்றும் இல்லாமல் இருக்கப்போவது அந்த இரண்டு நாள்தான். அதற்கு எந்தத் தடையும் வரக்கூடாது என்று அவள் நேர்த்தி வைக்காத குறை.

தடை வெள்ளிக்கிழமை மாலை வந்தது. அதுவும் மஞ்சள் பளபளப்போடு வந்தது.

அவள் சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குப் போயிருந்தாள். செட்டியார் தெரு நகைக்கடையிலிருந்து அழைப்பு: தாலிக்கொடி முடிந்துவிட்டது. எங்கள் வழக்கத்தில் கொடி மாப்பிள்ளை வீட்டார் செய்து கொடுக்க வேண்டியது. பொன்னுருக்கி, தாலி செய்து, கொடியில் கோர்ப்பதெல்லாம் பிறகு நடக்கிற காரியம். அதற்கு முதல் கொடி கையில் இருக்க வேண்டும். சும்மா ஒருமுறை பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வந்து எடுப்போம் என்றுதான் போனாள். கண்ணால் கண்டபிறகு யாரால் விட்டுவிட்டு வர முடியும்? பெட்டியோடு கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். வெள்ளவத்தைக் காலி வீதியில் இறங்கும்போதுதான் வங்கி பூட்டியாயிற்று என்பதும், லொக்கர் திங்கட்கிழமைதான் திறக்கும் என்பதும் உறைத்தன.

அடுத்ததாக உறைத்தது புருசன். நமசிவாயம் காப்புறுதிக் கொம்பனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எது எப்படிக் களவு போகும், எது எப்படித் தீப்பிடிக்கும் என்று முப்பத்தைந்து வருடம் யோசித்த மனுசன். அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்: "கொடி வீட்டுக்கு வந்தால், அது லொக்கருக்குப் போகுமட்டும் ஒருத்தரும் அசையக்கூடாது. நான் அதுக்குப் பக்கத்திலதான் படுப்பன்." சொன்னால் செய்கிற ஆள். கொடி வந்திருக்கிறது என்றால் கல்கிசை இல்லை.

"என்னவாம் நகைக்கடைக்காரர்?" என்று கேட்டார், அவள் செருப்பைக் கழற்றும்போதே.

"திங்கக்கிழமைதான் தருவினமாம்" என்றாள் கனகேஸ்வரி. நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் இவ்வளவு சுளுவாக ஒரு பொய் வாயிலிருந்து விழுந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பொய் சொன்னாயிற்று. கொடியை எங்கே வைப்பது? எல்லாரும் போய்விட்டால் வீடு வெறும் வீடு. அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போகப் பயம். கழுத்தில் போட்டுக்கொண்டு போனால் புருசனின் கண் படும், அதுவும் மருமகள் கழுத்தில் ஏறவேண்டிய பொருள். கடைசியில் பால்மா வந்த வெறும் தகர ரின் ஒன்றை எடுத்தாள். கொடியைப் பொலித்தீனில் சுற்றி அடியில் வைத்து, அதற்கு மேல் தானே வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூளைக் கொட்டி நிரப்பினாள். மிளகாய்த் தூளுக்குள் கை விடுகிற கள்ளன் இன்னும் பிறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகுதான் பஞ்சாங்கம். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்குகிறது. இந்தக் கூட்டம் குளித்து, தலை இழுத்து, பிட்டுச் சாப்பிட்டு வெளிக்கிட எப்படியும் ஒன்பதரை தாண்டிவிடும். மனிதர் எந்த நேரத்தில் போனாலும் போகட்டும், கலியாணக் கொடி ராகுகாலத்தில் படி தாண்டலாமா? இதற்கும் பெரியவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நேரத்தில் ஒரு பையை வெளியே எடுத்து, இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எப்போது போனாலும் ராகு ஒன்றும் கேட்கமாட்டார். ஆகவே காலை எட்டு மணிக்கே ரின்னை ஒரு சிவப்புத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கீழ் மாடிக்கு இறங்கினாள்.

கீழே மர்லியாவின் வீடு. இருபது வருட அயல். மர்லியாவுக்கு வாய் ஓயாது, கையும் ஓயாது. புருசன் இப்திகாரைத் திட்டிக்கொண்டே அவருக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"மர்லியா, இந்தப் பையை ஒருக்கா வைச்சிரும். போகேக்க எடுக்கிறன்."

"உள்ளுக்க என்ன அக்கா?"

"தூள்."

"கல்கிசைக்குமா தூள் தூக்கிக்கொண்டு போற?" என்று சிரித்து, மர்லியா பையை வாங்கிக் குசினி மேசையில் வைத்தாள்.

ஒன்பதரைக்கு இறங்கத் தொடங்கினார்கள். லிஃப்டில் நாலு பேருக்கு மேல் ஏறினால் அது கத்தும். முதல் கூட்டம் பாயோடு இறங்கியது, இரண்டாவது சட்டி பானையோடு, மூன்றாவது அழுகிற பிள்ளையோடு. நாகேஸ்வரிக்கு லிஃப்ட் என்றால் தலைசுற்று. அவளைக் கையில் பிடித்துக்கொண்டு கனகேஸ்வரி படியால் இறங்கினாள். இறங்கி முடிக்கையில் "அம்மா, ரயில் வருது, ஓடி வாங்கோ!" என்று கார்த்திகன் ஒழுங்கை முனையில் நின்று கத்தினான். ஓடினார்கள். பை மர்லியாவின் மேசையில் இருந்தது. நல்ல நேரத்தில் புறப்பட்ட அது ஒன்றுதான் அந்த வீட்டிலிருந்து போகவில்லை.

றெஜி வாசலில் நின்று கூட்டம் முழுவதும் உள்ளே போகுமட்டும் பார்த்தார். கார்த்திகன் அவரிடம் பத்துப் பேர் என்றுதான் சொல்லியிருந்தான். "இவ்வளவுதானா, இல்ல பின்னால இன்னொரு ரயில் வருதா?" என்று கேட்டார். பிறகு அவரே போய் இன்னும் இரண்டு பாய் கொண்டுவந்து போட்டார்.

பின்கதவு திறந்ததும் பிள்ளைகள் பறந்தார்கள். நமசிவாயமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் கால் நனைத்தார். கனகேஸ்வரி வாசற்படியில் உட்கார்ந்து மிதுனாவும் கார்த்திகனும் ஒருவரை ஒருவர் தண்ணீருக்குள் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய ஆட்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அடிபட்டார்கள். இதற்காகத்தானே இந்தப் பொய்யெல்லாம் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்து வந்தது.

அந்த நிறைவு நாகேஸ்வரி குசினியிலிருந்து கூப்பிடும்வரைதான் நீடித்தது. கார்த்திகன் கரையில் மீன்காரரிடம் நல்ல நண்டு வாங்கி வந்திருந்தான்.

"மச்சாள், நண்டு கழுவியாச்சு. தூள் ரின் எங்க வைச்சிருக்கிறியள்?"

கனகேஸ்வரி எழுந்தாள். குசினிக்குப் போய்ச் சாமான்களைக் கிளறினாள். சட்டி இருந்தது, பாய் இருந்தது, தேங்காய் இருந்தது, அதைத் துருவத் திருவலை கூட இருந்தது. சிவப்புப் பை இல்லை.

"ஐயோ" என்றாள். "மர்லியா வீட்டில."

"அதுக்கு ஏன் இப்பிடி வெளிறிப் போறியள்?" என்று நாகேஸ்வரி சிரித்தாள். அதற்குள் கார்த்திகன் ஈரத் தலையோடு வந்து, விசயத்தைக் கேட்டு, கைபேசியைக் காதில் வைத்துவிட்டான்.

"மர்லியா அன்ரி, அம்மா தூள் பையை உங்கட வீட்டில மறந்திட்டா. இல்லை இல்லை, நீங்கள் ஒண்டும் அனுப்ப வேண்டாம். இஞ்ச கடையில வாங்குவம். அதை நீங்களே எடுத்துச் சமையுங்கோ. கவனம், நல்லா உறைக்கும். ஓம், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலதான், றெஜி எண்டு கேட்டால் காட்டுவினம். நேரம் கிடைச்சால் வாங்கோ அன்ரி!"

கனகேஸ்வரி கைபேசியைப் பறிக்கக் கை நீட்டுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. தன் கலியாணத் தாலிக்கொடியைத் தன் வாயாலேயே அயலாருக்குத் தாரை வார்த்துவிட்டு, மாப்பிள்ளை நண்டுக்கால் உடைக்கப் போனான்.

கள்ளனைத் தேள் கொட்டியது போல் நின்றாள் கனகேஸ்வரி. கத்தினால் பொய் வெளிப்படும். கத்தாவிட்டால் கொடி போகும். மர்லியாவின் நம்பரை எடுத்து அடித்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அதற்குள் மிதுனாவின் சின்னவன் வந்து கார்ட்டூன் பார்க்கப் போனைக் கேட்டு அழுதான். யாரோ வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

"நான் ஒருக்கா வீட்டை போயிட்டு வாறன்" என்றாள்.

"என்னத்துக்கு?" நமசிவாயம் மணலை உதறிக்கொண்டு வந்தார்.

"தூள் எடுக்க."

"தூளுக்கோ ரயில் ஏறப் போறீர்? உமக்கென்ன விசரே?"

"கடைத்தூள் போட்டு நண்டுக்கறி வைக்கிறதோ? பிள்ளையள் எத்தினை வருசத்துக்குப் பிறகு சாப்பிடப் போகுதுகள்!" கண் கலங்கிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா தூளுக்கு அழுகிறா என்று மிதுனா புருசனுக்கு இங்கிலீஷில் விளக்கம் சொன்னாள். நாகேஸ்வரி மட்டும் தலையாட்டினாள். "மச்சாள் சொல்லுறது சரிதான். அந்தத் தூள் இல்லாமல் இது நண்டும் இல்லை, கறியும் இல்லை." அந்த ஒரு வாக்கில் கனகேஸ்வரி தப்பி, போனையும் சின்னவனிடமே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

ரயிலில் கதவோரம் நின்றாள். தூள் ரின்னை மர்லியா திறந்திருப்பாளா? திறந்தால் பொலித்தீன் தெரியுமா? தெரியாமல் பக்கத்து வீட்டுக்கு அரைவாசி கொட்டிக் கொடுத்துவிட்டால்? மர்லியாவுக்கு எதையும் தனியே வைத்துச் சாப்பிடத் தெரியாது. வட்டிலாப்பம் செய்தால் கூட நாலு மாடிக்கும் போகும். இன்றைக்கு அந்த நல்ல குணம்தான் கனகேஸ்வரிக்குப் பயமாக இருந்தது. முருகா, ஒரே ஒரு நாளைக்கு அவளைக் கஞ்சத்தனம் பிடித்தவளாக்கி விடு என்று வேண்டிக்கொண்டாள்.

வெள்ளவத்தையில் இறங்கி ஒழுங்கையில் அரை ஓட்டமாக வந்தாள். மர்லியாவின் கதவு பூட்டிக் கிடந்தது. தட்டினாள், மணி அடித்தாள். வாசலில் இருந்த காவல்காரரிடம் சிங்களத்தில் விசாரித்தாள்.

"மேடம் கியா" என்றார் அவர். போய்விட்டார். கையில் சிவப்புப் பை ஒன்று இருந்ததாம். என்றைக்கும் இரண்டு வார்த்தை பேசாமல் போகாத மனுசி, இன்றைக்கு முகத்தைக் கூடத் திருப்பவில்லையாம்.

கனகேஸ்வரி படியில் உட்கார்ந்துவிட்டாள். ரின்னைத் திறந்திருக்கிறாள், கண்டிருக்கிறாள், பையோடு போயிருக்கிறாள். எங்கே? எதற்கு இவ்வளவு அவசரம்? அவள் நினைக்கக்கூடாது என்று நினைத்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கொடிக்கு முன்னால் இருபது வருடம் எம்மாத்திரம் என்று மனசு கேட்டது. சீ, வாயை மூடு என்று அதை அடக்கினாள். அது அடங்குகிற மாதிரி அடங்கி, மறுபடி கேட்டது. தன் மனசு இவ்வளவு கேவலமாக யோசிக்கும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது; கொடி போன துக்கத்தோடு இந்த வெட்கமும் சேர்ந்துகொண்டது.

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இனி மறைத்துப் பயனில்லை. கல்கிசைக்குப் போய், எல்லாருக்கும் முன்னால், புருசனிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அவர் கத்தட்டும். பயணம் அங்கேயே முடியட்டும். ரயில் கல்கிசையை நெருங்கும்போது கடலில் சனம் குளிப்பது தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

றெஜியின் வாசலில் கால் வைத்ததும் மூக்கு முதலில் விழித்தது. கொதிக்கிற நண்டுக்கறி. கடைத்தூள் அப்படி மணக்காது. அது அவளுடைய தூள். அவள் கையால் வறுத்த கொத்தமல்லியும் மிளகும் பெருஞ்சீரகமும். குசினிக்குள் பாய்ந்தாள். மேசையில் பால்மா ரின் மூடி திறந்து கிடந்தது. முக்கால்வாசி வெறும் ரின்.

கையை முழங்கை வரை விட்டாள். அடி தட்டுப்பட்டது. துழாவினாள். தூள், தூள், தூள்.

"என்ன மச்சாள், கையெல்லாம் எரியப் போகுது!" என்று நாகேஸ்வரி அகப்பையோடு திரும்பினாள். "மர்லியா கொண்டுவந்து தந்தவ. நீங்கள் அங்கால போக, அவ இஞ்சால வந்திட்டா. பாவம், தூளுக்காக ரயில் ஏறி வந்திருக்கிறா. நீங்கள் வாற வரைக்கும் தண்ணி கூடக் குடிக்கமாட்டனெண்டு இருக்கிறா."

ஹோலின் மூலையில், பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே, மர்லியா ஒரு பிளாஸ்டிக் கதிரையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு ஹபாயாவுக்கு மேல் இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்துப் பிடித்திருந்தாள். கனகேஸ்வரியைக் கண்டதும் எழுந்தாள்.

"அக்கா, இங்க வாங்கொ. சுறுக்கா வாங்கொ."

உள்ளறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். பர்தாவின் ஊசியைக் கழற்றினாள், கழுத்துப் பொத்தானைத் திறந்தாள். உள்ளே, வெறும் தோலில் பட்டுக்கொண்டு, கொடி கிடந்தது.

போன உயிர் திரும்பி வரும் என்பார்கள். கனகேஸ்வரிக்கு அது உள்ளங்காலிலிருந்து ஏறி வருவது தெரிந்தது. பாய்க் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ரெண்டு கரண்டி தூள் போடுவமெண்டு கரண்டிய விட்டா, உள்ளுக்க என்னமோ முட்டுது அக்கா" என்று மர்லியா மூச்சுவிடாமல் சொன்னாள். "எடுத்துப் பாத்தா, அல்லாஹ்! எனக்கி கை கால் ஓடல்ல. கார்த்திகன் தம்பிக்கு கோல் பண்ணினா அந்த இடத்திலேயே பதறிடுவான், வீட்டுக்கே தெரிஞ்சிடும். நீங்க ஒளிச்சி வச்சது ஒரு காரணத்துக்குத்தானே. உங்கட போனுக்கு அடிச்சேன், ஒரு சின்னப்புள்ள எடுத்து எடுத்து கட் பண்ணுது. எங்கட அவரும் கடைக்குப் போயிட்டார். பைல வச்சி ரயில்ல கொண்டு வரப் பயம். அறுத்துக்கொண்டு ஓடிடுவானுகள். அதான் கழுத்துல போட்டு உள்ளுக்க மறைச்சிட்டேன்." குரல் தாழ்ந்தது. "கட்ட முந்தி ஆரும் போடக்கூடாதுதானே உங்கட ஆக்கள்? எனக்கித் தெரியும். வேற வழி வெளங்கல்ல அக்கா. மன்னிச்சிக்கொங்க."

 இந்த மனுசியைத்தான் கனகேஸ்வரி படியில் உட்கார்ந்து என்னவெல்லாம் நினைத்தாள்! தூள் படிந்த கையால் கண்ணைத் துடைக்கப் போக, மர்லியா அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

கதவு திறந்தது. நாகேஸ்வரிக்குத் தட்டிவிட்டு வருகிற பழக்கம் கிடையாது. கொடியைக் கண்டாள், அது கிடந்த கழுத்தைக் கண்டாள். அகப்பை கையிலேயே நின்றது.

"மச்சாள்! என்ன இது? கார்த்திகன்ர கொடியோ? பொம்பிளைக்கு ஏற முந்தி இன்னொருத்தியின்ர கழுத்திலயோ?"

அவள் குரலுக்கு வீடே வந்து வாசலில் நின்றது. நமசிவாயம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கனகேஸ்வரி எழுந்து நின்றாள். ரயிலில் மனப்பாடம் செய்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"இஞ்சாருங்கோ, நான் பொய் சொன்னனான்" என்றாள். "கொடி வெள்ளிக்கிழமையே வந்திட்டுது. சொன்னால் நீங்கள் பயணத்தை நிப்பாட்டியிருப்பியள். அதுதான் தூளுக்குள்ள ஒளிச்சு வைச்சன். பிறகு மறந்து விட்டிட்டு வந்திட்டன். மர்லியா இல்லாட்டி இண்டைக்கு எல்லாம் முடிஞ்சிருக்கும்."

கார்த்திகன் தன் போனைப் பார்த்தான், மர்லியாவைப் பார்த்தான். "நான் அன்ரியிட்ட சமையுங்கோ எண்டெல்லே சொன்னனான்" என்று முனகினான். யாருக்கோ சிரிப்பு வந்து அடக்கியது கேட்டது.

நமசிவாயம் வேட்டி மடிப்பை அவிழ்த்து விட்டார். "ஓம்" என்றார். "நிப்பாட்டியிருப்பன்." பிறகு மணல் படிந்த வேட்டியையும், பின்கதவுக்கு வெளியே கடலையும் பார்த்தார். "நிப்பாட்டியிருந்தால் பிழையாப் போயிருக்கும்" என்று மெல்லச் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து எத்தனையோ காலம்.

நாகேஸ்வரி விடவில்லை. "அதெல்லாம் சரி அண்ணா. கழுத்தில ஏறின கொடிக்கு என்ன செய்யிறது? சகுனம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ?"

காலையில் கல்கிசைக்கு ராகுகாலம் பார்த்த கனகேஸ்வரிதான் இதற்கும் பதில் சொன்னாள். "மச்சாள், கலியாண வீட்டில தாலியைத் தட்டத்தில வைச்சுச் சபையெல்லாம் கொண்டு போறது என்னத்துக்கு? எல்லாரும் தொட்டு ஆசீர்வதிக்கத்தானே? மர்லியா புருசன் பிள்ளையளோட நிறைஞ்சு வாழுற மனுசி. அவ முதல் ஆளாத் தொட்டிட்டா. என்ர மருமகளுக்கு இதைவிட நல்ல சகுனம் எங்க கிடைக்கும்?"

நாகேஸ்வரி கொடியைப் பார்த்தாள், கையிலிருந்த அகப்பையைப் பார்த்தாள்.  "கறி அடிப்பிடிக்கப் போகுது" என்று குசினிக்குப் போனாள்.

"சரி, இப்ப இதை எங்க வைக்கிறது?" காப்புறுதி மூளை விழித்துக்கொண்டது. "இந்த வீட்டுக் கதவுக்கு ஒழுங்கான பூட்டும் இல்லை. தாரும், நான் கொண்டு வீட்டை போறன். திங்கக்கிழமை வரைக்கும் அங்க இருக்கிறன். நீங்கள் எல்லாரும் இருங்கோ."

மிதுனாவின் முகம் விழுந்தது. "அப்பா இல்லாமலோ?" என்றாள். மர்லியா தன் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பூட்டுச் சுரையைத் திருகிக் கழற்றி, கொடியைக் கனகேஸ்வரியின் கையில் வைத்தாள். சூடாக இருந்தது.

கனகேஸ்வரி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கொடியை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மர்லியாவுக்குப் பின்னால் போய் நின்று, அதைத் திரும்ப அவள் கழுத்தில் போட்டாள்.

"அக்கா! என்ன செய்ற நீங்க?"

"உம்மட வீட்டில திங்கக்கிழமை வரைக்கும் ஆக்கள் இருப்பினம்தானே?"

"ஈக்கிறோம். நாங்க எங்க போறதுக்கு?"

"அப்ப இது உம்மோட இருக்கட்டும். காலையில உள்ளுக்க என்ன இருக்கெண்டு உமக்குச் சொல்லியிருக்க வேணும். சொல்ல எனக்கு மனம் துணியேல்லை. அது என்ர பிழை." கனகேஸ்வரி சுரையை இறுக முறுக்கினாள்.  மர்லியா கழுத்துப் பொத்தானைப் பூட்டி, அதன் மேல் இரண்டு கையையும் மறுபடி சேர்த்துப் பிடித்தாள். கண் நிறைந்தது.

நமசிவாயம் ஆட்சேபம் சொல்ல வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். "கார்த்திகன், அன்ரியை ஓட்டோவில கூட்டிக்கொண்டு போய் வீட்டுக்குள்ள விட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

போகுமுன் மர்லியாவுக்குச் சோறு வைத்தார்கள். நண்டைக் கடித்ததும் அவளுக்குப் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது. "இதுக்குத்தான் இவ்வளவு அழிச்சாட்டியமா! பெறுமதியான தூள்தான்" என்று மூக்கைத் துடைத்தாள். வீடு முழுவதும் சிரித்தது. றெஜி கூட என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்து, ஒரு கோப்பையில் கறி வாங்கிக்கொண்டு போனார்.

வெயில் தாழ்ந்தபோது கனகேஸ்வரி சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். மிதுனா ஒரு கை, நமசிவாயம் ஒரு கை. அலை வந்து முழங்காலில் அடித்தது. அவள் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினாள். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் அந்தக் கத்தலோடு போய்விட்டது. நல்லவர்களின் நடுவில்தான் வாழ்ந்திருக்கிறேன், அது தெரியாமல் பயந்திருக்கிறேன் என்று நினைத்தாள். மனசு லேசாக இருந்தது; அவ்வளவு லேசாக எப்போது இருந்தது என்று நினைவில்லை.

கரையிலிருந்து சின்னவன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். இந்தமுறை கட் பண்ணவில்லை.

"அக்கா, வீட்டுக்கு வந்துட்டேன்" என்றாள் மர்லியா. "கழட்டல்ல. நீங்க வந்து கழட்டுங்க."

"ஓம்" என்றாள் கனகேஸ்வரி.  போனைக் கொடுத்துவிட்டுக் கரையேறும்போதுதான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. குசினி வாசலில் நின்று, "மச்சாள், எனக்குப் பசிக்குது. நண்டு ஏதும் மிச்சம் இருக்கோ?" என்று கேட்டாள்.

"நண்டு எங்கால? எல்லாத்தையும் உங்கட பிள்ளையள் முடிச்சிட்டுதுகள்" என்றாள் நாகேஸ்வரி. "சட்டியில குழம்பு கிடக்கு. இருங்கோ, பாண் எடுத்துத் தாறன்."

கனகேஸ்வரி ஈரச் சேலையோடு குசினித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சட்டியைப் பாண் துண்டால் வழித்து வழித்துச் சாப்பிட்டாள்.